ஒரே ஓட்டை, மூன்று முறை

இந்தப் பதிவு ஒரு சின்ன ஓட்டையின் வரலாறு. 32 வருடத்தில் மூன்று முறை திரும்பி வந்த ஓட்டை!

வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டு காலாப்பட்டில் இருக்கும் கணினியில் வேலை பார்க்க வேண்டுமென்றால், அங்கே ஒரு சர்வர் நிரல் நமக்காகக் காத்திருக்க வேண்டும். டெல்நெட், ஆர்லாகின் எல்லாம் அந்த வகை. அவை நம் பெயரை வாங்கி, யூனிக்ஸின் 'லாகின்' நிரலிடம் கொடுக்கும். பாஸ்வேர்டு கேட்பது லாகின்தான். ஆனால் பெயருக்கு முன்னால் '-எஃப்' என்று குறி இருந்தால், "இவரை ஏற்கனவே சோதித்தாயிற்று, பாஸ்வேர்டு கேட்காதே" என்று அர்த்தம்.

ஒருவன் தன் பெயரையே '-எஃப்ரூட்' என்று கொடுத்தால்? வாட்ச்மேன் பெயர் கேட்கிறார். வந்தவன், "என் பெயர் 'முதலாளி, சோதிக்காமல் விடவும்'" என்கிறான். வாட்ச்மேன் அதை அப்படியே சீட்டில் எழுதி உள்ளே அனுப்புகிறார். உள்ளே இருப்பவர் அதை உத்தரவாகப் படிக்கிறார். அவ்வளவுதான்! ரூட் என்றால் அந்தக் கணினியில் சர்வ அதிகாரமும் உள்ள கணக்கு.

1994 மே: ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ். 3, லினக்ஸ் பற்றி அமெரிக்காவின் செர்ட் அமைப்பு எச்சரித்தது. வழி, ஆர்லாகின்.

2007 பிப்ரவரி: சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10. இந்த முறை டெல்நெட். அதே மாதம் இதை வைத்து ஒரு வார்ம் பரவியது.

2026 ஜனவரி: குனூ இனெட்யூட்டில்ஸ் டெல்நெட் சர்வர். 2015-ல் செய்த ஒரு மாற்றத்தில் நுழைந்த ஓட்டை. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 9.8.

மூன்றும் வேறு வேறு ஆட்கள் எழுதிய நிரல்கள். ஒரு நிரலில் போட்ட ஒட்டு அந்த நிரலோடு நின்றுவிட்டது. பாடம் அடுத்தவருக்குப் போகவில்லை. குனூவின் மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருந்தது. ஆனாலும் கிட்டத்தட்ட 11 வருடம் தப்பியது.

1995-ல் ஃபின்லாந்தின் தாத்து இலோனன் எஸ்.எஸ்.எச். எழுதியபிறகு டெல்நெட்டுக்கு வேலையே இல்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 2016-ல் மிராய் பரவியதே டெல்நெட் திறந்திருந்த கேமராக்கள், ரவுட்டர்கள் வழியாகத்தான். அங்கே ஓட்டைகூடத் தேவைப்படவில்லை, கம்பெனி போட்ட பாஸ்வேர்டே போதுமானதாக இருந்தது.

உங்கள் ரவுட்டரில் டெல்நெட் இருந்தால் அணைத்துவிடுங்கள். நாளைக்கு நீங்களே நிரல் எழுதும்போது, வெளியாள் தருவது வெறும் பெயர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அது உத்தரவாக மாற விடாதீர்கள். இல்லாவிட்டால் நான்காவது தேதி நம் பெயரில் வரும்!