மண்டபத்துக் கடலும் வந்தேறிய பாசியும்



மண்டபம் என்னும் ஊர்ப்பெயர் மலையகத் தமிழரின் வீடுகளில் முகாம் என்ற சொல்லோடு சேர்ந்தே வழங்கி வந்திருக்கிறது. டிக்கோயா, ஹட்டன் பகுதித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரிற் பலர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அம்முகாமிலே சில நாட்கள் நிறுத்தப்பட்டனர். வாந்திபேதியோ அம்மையோ இல்லையென்று வைத்தியர் கண்ட பின்னரே தனுஷ்கோடிக்குப் புகைவண்டி ஏறி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினர். 1914 இல் தொடங்கிய அக்கப்பற் பாதையின் இந்தியத் துறை 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடியோடு அழிந்தது. கடந்து வந்தவர்களின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்கள் கடந்த கடலுக்கு அண்மையில் நேர்ந்ததொன்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து, நம் நாட்டில் முருகைக்கல் என்று வழங்கும் பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் தொட்டில் அவை. பாம்பனுக்கு அருகேயுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசாங்க நூதனசாலை 1927 இலேயே ஒரு தொகுதி வெளியிட்டது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமையே தலைமையகமாகக் கொண்டிருந்தது. இத்தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின.

வேற்றுக் கடலில் பிறந்த உயிரொன்று புதிய கடலிற் புகுந்து அதன் தரையையே போர்த்திவிடுதல் உலகிற் பிற இடங்களிலும் நிகழ்ந்துள்ளது. தொட்டால் நீரைப் பீச்சும் இயல்பால் கடற்பீச்சி எனத்தக்க ஒரு பிராணி இனமுண்டு. அதில் டிடெம்னம் என்னும் வகை தனித்து வாழ்வதில்லை. ஆயிரமாயிரமாய் ஒட்டிக் கூட்டுடலாகிப் பாய் விரித்தாற்போற் படரும். யப்பானியக் கடலுக்குரியதெனக் கருதப்படும் ஒரு டிடெம்னம் இனம் கப்பல்களிலும் சிப்பிப் பண்ணைப் பொருள்களிலும் ஒட்டிப் பயணஞ்செய்து, அமெரிக்காவின் கீழ்க்கரைக்கப்பால் உள்ள ஜோர்ஜஸ் மீன்பிடித் திட்டில் ஏறத்தாழ 230 சதுர கிலோமீற்றர்க் கூழாங்கல் தரையிற் பரவியிருப்பதை 2006 அளவில் அளந்து கண்டனர். கிழித்தெறிந்த துண்டும் மீண்டும் வளரும் என்பதே அதன் வலிமை.

மண்டபத்துக்கு வந்தது பிராணியன்று, பாசி. ஆயினும் துண்டு துண்டாய்ப் பெருகும் குணம் இரண்டுக்கும் ஒன்றே. கப்பாபைகஸ் என்பது அதன் சாத்திரப் பெயர்; பிறந்தகம் பிலிப்பைன்ஸ் தீவுகள். அதிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன் என்னும் பசைப்பொருள் ஐஸ்கிறீமிலும் பற்பசையிலும் பயன்படுவது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்து மக்ஸ்வெல் டோட்டி என்பார் 1974 இல் அதனை அங்குள்ள கனியோஹே விரிகுடாவுக்குக் கொணர்ந்தார். அது ஆழமான நீர்வழிகளைத் தாண்டாது என்று தொடக்க கால ஆய்வு கூறிற்று. தாண்டிவிட்டது என்பதைத் தொண்ணூறுகளின் ஆய்வு காட்டிற்று. பின்னர் அவ்விரிகுடாவிலே பாறைமேற் படர்ந்த பாசியை உறிஞ்சியெடுக்க இயந்திரம் பூட்டிய தெப்பமே வேண்டியதாயிற்று.

இந்தியாவுக்கு இப்பாசி 1984 இல் யப்பான் வழியாகச் சௌராட்டிரக் கரைக்கு வந்தது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பழக்கி, 1995 இல் மண்டபத்துக் கடலில் இறக்கினர். 2000 ஆம் ஆண்டளவில் பெப்சி நிறுவனம் அத்தொழிலில் இறங்கவே, கரையோர மக்கள் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயரிட்டுவிட்டனர். மூங்கில் மிதவையில் ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசியைக் கட்டிவிட்டால் 45 நாளில் அதன் நான்கு மடங்கை அறுக்கலாம்.

இதன் பயனைக் குறைத்துரைப்பது நியாயமன்று. தலைமுறைகளாய்த் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்துப் பிழைத்த பெண்கள், பூங்காச் சட்டம் இறுகியபோது தீவுகளை அணுக இயலாதவராயினர். அவர்கள் கையில் வந்த மாற்று வாழ்வு இம்மிதவை. நாட்கூலியின் அருமை அறிந்த தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2005 இல் ஓர் ஆணை பிறப்பித்தது. பாக்கு நீரிணையின் வடபாகத்திலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இப்பாசியைப் பயிரிடலாம் என்பது அவ்வாணை. ஆனால் வாடை வீசும் மாதங்களில் நீரோட்டம் பாக்கு நீரிணையிலிருந்து பாம்பன் கால்வாய் வழியே மன்னார் வளைகுடாவுக்குட் பாய்கிறது. அலையில் அறுந்த துண்டு ஆணையைப் படிப்பதில்லையே! 2008 இல் குருசடைத் தீவின் கிளைப்பவளங்கள்மேல் இப்பாசி படர்ந்து, ஒளியை மறைத்து, அவற்றைக் கொல்வதாக மதுரை ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். பாசியைப் புகுத்திய நிலையத்தாரோ, படர்ந்த பரப்பு வளைகுடாவில் மிகச் சிறியதே என்றனர். இரண்டும் உண்மையாயிருக்கலாம், சிறிய பரப்பு என்பது அந்த ஆண்டின் அளவு மட்டுமே. பின்னைய ஆய்வுகளில் சிங்கிள், பூமரிச்சான் தீவுகளும் அப்பட்டியலிற் சேர்ந்தன. வனத்துறையினர் கையாற் பறித்து அகற்ற முற்பட்டனர். பவளத்தின் இடுக்கில் எஞ்சிய விரலளவு துண்டும் மறுபடி தளிர்த்தது.

வேற்றுச் செடி என்பதனாலேயே ஒன்றைப் பழித்தல் நமக்குப் பொருந்தாது. டிக்கோயா மலைகளைப் போர்த்திய தேயிலையும் வந்ததே, அதைப் பறிக்க நாமும் வந்தவர்களே. எனினும் தேயிலை நட்ட நிரையில் நிற்கிறது. அயல் காட்டை அது விழுங்குவதில்லை. அதற்கு முன் இம்மலைகளில் இருந்த கோப்பியை அழித்த இலைத்துரு நோய், 1869 இல் இனங்காணப்பட்டது, எவர் நிரையையும் மதிக்கவில்லை. எது நிற்கும், எது ஓடும் என்பதை முன்னறிதல் எளிதன்று. மண்டபத்து முகாமின் வைத்தியர் தேடியது உடலில் ஒளிந்த நோயை. ஆய்வுகூடமும் பாசியில் ஒட்டிவரும் நோயையே தேடும். நோயற்ற, நன்றாய்த் தழைக்கும் உயிர் புதிய இடத்தில் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அத்தகைய சோதனையில் விடையில்லை.

2021 இன் இந்திய வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்காவொன்று அறிவிக்கப்பட்டது. அதற்கென இராமநாதபுரக் கரை தெரிவாயிற்று. நம் நாட்டின் வடபுலக் கடலிலும் கிளிநொச்சி மாவட்டத்து வலைப்பாடு முதலிய ஊர்களில் இப்பாசி கயிற்றிற் கட்டிப் பயிரிடப்பட்டு வருகிறது. இரு கரைக்கும் இடையே உள்ளது ஒரே நீர். கச்சான் வீசும்போது ஒரு திசையிலும் வாடை வீசும்போது மறு திசையிலுமாக, ஆண்டுக்கு இருமுறை அது தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்கிறது.