வலையிறவுப் பாலத்தில் வாப்பா

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நகரிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்கள் பலருக்கு அக்கரையில் வயல் இருந்தது. எங்களுக்கும்தான்.

1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோரைப் புலிகள் சுட்டனர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் இராணுவத்தின் கையில் மாண்டனர். அப்புறம் வாவியே எல்லை. படுவான்கரை புலிகளிடம், விளிம்பில் வவுணதீவு இராணுவ முகாம். அதைப் புலிகள் 1997 மார்ச் 6இல் தாக்கினர்.

2002 ஏப்ரல் 13இல் ஹக்கீம்–பிரபாகரன் உடன்பாடு வந்தது. வயலுக்குப் போகலாம் என்றார்கள். வாப்பாவோடு நானும் போனேன். சாவடியில் சிப்பாய் 'போங்கள்' என்று கைகாட்டினான். வாப்பாவோ சைக்கிளை விட்டிறங்கி, தொப்பியைக் கழற்றி மடிக்குள் செருகி, அடையாள அட்டை இலக்கத்தை ஒப்புவித்தார். பெயரைச் சொல்லவில்லை. வட்டையில் தண்ணீர்ச் சண்டை வந்தால் நாலு ஊர் கேட்கப் பேசிய மனிதர் அவர். திரும்பி வரும்போது, "வயல் செஞ்ச அந்த ஆள் எப்பவோ மௌத்தாப் பெய்த்தான் மனே" என்றார். தன்னைத்தான் சொன்னார்.

ஒரு நாள் கொடுமைக்கும் ஆண்டுக்கணக்கில் தொடரும் கொடுமைக்கும் உள்ள வேறுபாட்டை யூடித் ஹேர்மன் 1992இல் எழுதினார். பின்னது, 'நான் யார்' என்பதையே மாற்றிவிடுகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு இதைத் தனி நோயாக ஏற்றது. தான் தோற்றவன், பெறுமதியற்றவன் என்ற நீங்காத எண்ணமும் அதன் அறிகுறி. நம்மவர் தயா சோமசுந்தரமோ, தனியாள் மட்டுமல்ல, சமூகமே இப்படிக் காயப்படும் என்றார். வாப்பா இவற்றையெல்லாம் வாசித்தவரல்லர்.

2018 நவம்பர் 30 அதிகாலை வவுணதீவுச் சாவடியில் இரண்டு பொலிசார் கொல்லப்பட்டனர். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்தார்கள். தேநீர்க்கடையில் நானும் "அவங்கதான், வேற யாரு?" என்றேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகுதான், செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று விசாரணையாளர் சொன்னார்கள். மே மாதம் அந்த மனிதர் விடுதலையானார். போர் முடிந்து பத்தாண்டாகியும் பழைய பெயரே அவரை மறியலுக்குள் வைத்திருந்தது.

அந்த மாதம் நான் பாலத்தால் போனேன். யாரும் மறிக்கவில்லை. ஆனாலும் கை சட்டைப்பையில் அட்டையைத் தேடியது. தொப்பி எப்போது மடிக்குள் போனதென்று தெரியவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும் என்று அன்று நினைத்தேன். வாசலில் நின்று என்னை யாரென்று சொல்வது?