செஞ்சி வட்டார நீர்ப்பறவைகளும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் மடையான், உண்ணிக்கொக்கு, வக்கா ஆகிய கொக்கின நீர்ப்பறவைகள் இரை தேடுகின்றன. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தீநுண்மிக்கு (வைரசு) இயற்கையில் இருப்பிடமாக அமைபவை இத்தகைய பறவைகளே.

வரலாறு

1924இல் ஜப்பானில் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. அதன் தீநுண்மி 1935இல் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் மனிதர்களிடம் இந்நோய் முதன்முதலாக 1955இல் வேலூரில் கண்டறியப்பட்டது. 1956இல் அப்பகுதிக் கொசுக்களிலிருந்தும் தீநுண்மி பிரித்தெடுக்கப்பட்டது. புனேயில் 1952இல் தொடங்கப்பட்ட தீநுண்மி ஆய்வு மையமும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இத்துறையின் தொடக்ககால ஆய்வுகளில் ஈடுபட்டன. 1981இல், செஞ்சி அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தில் நோய் பரவியது. 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது.

பரவும் முறை

தேங்கிய வயல்நீரில் வளரும் கியூலெக்ஸ் விஷ்ணுயி வகைக் கொசுக்கள் பெரும்பாலும் இரவில் கடிப்பவை. நோயுற்ற பறவையைக் கடித்த கொசு, பிறகு வேறொரு பறவையையோ பன்றியையோ கடிக்கும்போது தீநுண்மி பரவுகிறது. பன்றியின் குருதியில் அது பெருமளவில் பெருகுகிறது. மாட்டின் உடலிலும் மனித உடலிலும் கொசுவுக்குத் தொற்றும் அளவு பெருகுவதில்லை. ஆகவே, மனிதரிடமிருந்து கொசு வழியாக நோய் மற்றவருக்குப் பரவாது.

பறவைகளுக்கு நேர்வது

இத்தீநுண்மி கொக்குகளின் குருதியில் சில நாட்களே இருக்கும். அப்போதும் அவை பொதுவாக நோய்க்குறி காட்டுவதில்லை. பின்னர் எதிர்ப்பாற்றல் பெறுகின்றன. ஆனால் ஒவ்வோர் இனப்பெருக்கக் காலத்திலும் எதிர்ப்பாற்றல் இல்லாத குஞ்சுகள் புதிதாகப் பிறக்கின்றன. அவை கொசுக்கடிக்கு எளிதில் இலக்காவதால் சுழற்சி அறுபடாமல் தொடர்கிறது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஆராயப்பட்ட காட்டுப்பறவைகளின் குருதியில், இத்தீநுண்மிக்கும் வெஸ்ட் நைல் தீநுண்மிக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன.

எல்லாப் பறவைகளும் இப்படித் தப்புவதில்லை. 1937இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட வெஸ்ட் நைல் தீநுண்மி, 1999இல் நியூயார்க்கை அடைந்தபோது அமெரிக்கக் காகங்கள் பெருமளவில் மடிந்தன. அவற்றின் இறப்பே நோய்ப்பரவலின் முன்னறிவிப்பாகவும் பயன்பட்டது. கொக்குகள் சாகாததால், ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு அத்தகைய எச்சரிக்கை கிடைப்பதில்லை. பல இடங்களில் நோயுற்ற குழந்தையே முதல் அறிகுறியாகிறது.

தடுப்பு

கொக்குகளை விரட்டுவதாலோ கூடுகளைக் கலைப்பதாலோ நோய் ஒழியாது. பறவைகள் வேறு நீர்நிலைக்குச் செல்லும், கொசுக்கள் வயலிலேயே இருக்கும். கொக்குகள் வயற்பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுபவையும்கூட. வயலுக்கு நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சுதல், பன்றிக் கொட்டில்களைக் குடியிருப்பிலிருந்து தள்ளி அமைத்தல், கொசுவலை, தடுப்பூசி ஆகியவையே பயன்தரும் வழிகள். 2005இல் கோரக்பூர் பகுதியில் ஏற்பட்ட பெரும் உயிரிழப்புக்குப் பின், 2006இல் இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. பின்னர் அது தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் விரிவடைந்தது.