ஏரிக்கென்று ஒதுக்கிய பங்கு: தமிழக ஏரிப் பராமரிப்பின் வரலாறு

தமிழக ஏரிகளைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் அவற்றை வெட்டியவர்களைப் பற்றியே எழுதிவிடுகிறோம். மகேந்திரவர்மன் பெயரில் மகேந்திரவாடியில் அமைந்த மகேந்திர தடாகம், கூரம் செப்பேட்டில் வரும் பரமேசுவர தடாகம், முதலாம் பராந்தகன் காலத்து வீராணம், முதலாம் இராசேந்திரனின் சோழகங்கம் என்று மன்னர் பெயர் தாங்கிய ஏரிகளின் வரிசை நீண்டது. ஆனால் மண்கரையால் நிற்கும் நீர்நிலைக்கு, வெட்டி முடித்த மறுநாளே தேய்மானம் தொடங்கிவிடும். மழையில் கரை அரிக்கும். நண்டும் எலியும் வளை தோண்டும். வரத்துக்கால் கொண்டுவரும் வண்டல் மதகின் வாயை அடைக்கும். கரையில் முளைத்த மரத்தின் வேர் பட்டுப்போனால், அது இருந்த துளை வழியே நீர் கசியும். ஓர் ஏரி ஆயிரம் ஆண்டு நீர் பிடித்திருக்கிறது என்றால், ஒவ்வோர் ஆண்டும் யாரோ அதற்குச் செலவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தச் செலவுக்கான பணமும் நெல்லும் எங்கிருந்து வந்தன, யார் பொறுப்பில் இருந்தன, எப்போது வழி மாறின என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஏரிப் பாதுகாப்பின் வரலாற்றைப் பொறியியலின் வரலாறாக மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவோம். மறுபாதி வருவாய்க் கணக்கில் இருக்கிறது.

வாரியமும் வண்டலும்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறைக்காகப் பெயர் பெற்றவை. தேர்தலைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்து எடுத்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர். இந்த விதியை நான் ஏரிப் பாதுகாப்பு விதியாகவே வாசிக்கிறேன். கரைக்குச் செலவழிந்த பணம் உண்மையில் கரைக்குப் போனதா என்று ஆண்டுதோறும் கேட்க ஒரு வழி இருந்திருக்கிறது.

அவ்வூரின் வயிரமேகத் தடாகம் பல்லவ தந்திவர்மன் காலத்தது. பல்லவ, சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிக்கெனப் பொன் வைத்து, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் வண்டல் எடுக்க ஏற்பாடு செய்த செய்திகள் வருகின்றன. மண்ணெடுக்க ஓடங்கள் விடப்பட்டன. எடுத்த மண் கரையில் கொட்டப்பட்டது. ஒரே வேலையில் ஆழமும் கூடும், கரையும் உயரும். இவை தவிர, வருவாயை ஏரிக்கென்றே விட்ட நிலமான ஏரிப்பட்டி, ஏரிக்காகத் தண்டிய ஏரி ஆயம், நீர்நிலையின் மீன் வருவாயான பாசிப்பாட்டம் ஆகியவையும் இருந்தன. முதல் கைபடாமல் வட்டி மட்டும் செலவாகும் அறக்கட்டளையும், ஏரியே ஈட்டித் தரும் வருவாயை ஏரிக்கே திருப்பும் வழக்கமும் சேர்ந்ததால்தான் பராமரிப்பு ஆண்டு வேலையாக நிலைத்தது என்று கருதுகிறேன்.

இதைப் பொற்காலமாக எண்ணிவிடலாகாது. உத்தரமேரூர்ச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர் சபை. மண் சுமந்தவர்கள் யாரும் ஓலையில் பெயர் எழுதும் இடத்தில் இல்லை. கூலியில்லா உழைப்பான வெட்டி அக்காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிறது. டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ நூலில், இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி ஏரிகளை ஆராய்ந்து, ஊரார் ஒன்றுகூடித் தாமாகவே ஏரி காத்தார்கள் என்ற பிற்காலச் சித்திரத்தைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினார். ஏரி அங்கே அதிகாரத்தோடும் சாதி மதிப்போடும் பின்னிக் கிடந்தது என்றார். அவர் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் அதிகாரம் யாரிடம் இருந்தாலும், விளைச்சலில் ஏரிக்கென ஒரு பங்கு தனியே நின்றது என்பதும் அதே அளவு உண்மை. பின்னாளில் நேர்ந்தது என்ன என்று அறிய இந்த இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

கலிங்கு என்னும் காவல்

ஏரியின் ஆபத்தை முன்னோர் எந்த அளவுக்கு வகைப்படுத்தி அறிந்திருந்தார்கள் என்பதற்குக் கடப்பை மாவட்டம் பொருமாமில்லாவில் 1369இல் பொறிக்கப்பட்ட விசயநகர இளவரசன் பாஸ்கரனின் கல்வெட்டு நல்ல சான்று. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு உறுப்புகளைச் சொன்ன பின், ஆறு குற்றங்களையும் அது சொல்கிறது: கரையில் கசிவு, உவர் மண், இரு நாட்டின் எல்லையில் அமைதல், நடுவில் மேடு, பரந்த பாசனப் பரப்புக்குச் சிறிய நீர்வரத்து, சிறிய நிலப்பரப்புக்கு மிகுந்த நீர். கசிவை முதலில் வைத்தவர் கரை உடைவதைக் கண்ணால் கண்டவராகத்தான் இருக்க வேண்டும். எல்லையில் அமைவதைக் குற்றமாகச் சேர்த்ததோ இன்னும் கூரிய பார்வை. இரண்டு பேருக்குச் சொந்தமான ஏரியை இருவருமே செப்பனிட மாட்டார்கள்.

தமிழகத்துக் குமிழித் தூம்பு இதே அக்கறையின் மற்றொரு வடிவம். ஏரிக்குள் நிற்கும் இரு கல் தூண்களுக்கு நடுவே கல்லால் ஆன அடைப்பைத் தூக்கினால், மேலுள்ள நீரோடித் துளை வழியே நீரும் கீழுள்ள சேறோடித் துளைகள் வழியே வண்டலும் வெளியேறும். புதுக்கோட்டைப் பகுதியில் இத்தகைய தூம்புகளைப் பல கண்மாய்களில் இன்றும் காணலாம். தூம்பின் திறப்பைக் கரையிலிருந்து விலக்கி ஏரிக்குள் வைத்ததில் ஒரு பாதுகாப்பும் உண்டு: நீர் சுழித்து உள்ளிழுக்கும் இடம் மண்கரையைத் தொடுவதில்லை.

இருந்தும் ஏரியின் உயிர், மிகுதி நீர் வழியும் கலிங்கில்தான் இருக்கிறது. நிறைநீர் மட்டத்தைத் தாண்டிய வெள்ளம் கலிங்கு வழியே போகாவிட்டால் கரைக்கு மேல் வழியும். மண்கரைக்கு மேல் நீர் வழிந்தால் சில மணி நேரத்தில் உடைப்புதான். கலிங்கின் மீது வரிசையாக நட்ட கற்களுக்கு இடையே மழைக்காலக் கடைசியில் புல்லும் மண்ணும் பலகையும் வைத்து அடைத்து, கூடுதலாக ஓரிரு அடி நீர் தேக்குவது பழைய வழக்கம். அது இரண்டாம் போகத்துக்கு உதவும். ஆனால் அடைத்த பிறகு ஒரு பெருமழை வந்தால் அதே அடைப்பு கரையைப் பறிகொடுக்க வைக்கும். நீர்ப்பிடிப்பில் மேலே பயிரிடுவோர் கலிங்கைத் தாழ்த்தவும், ஏரி நீரில் கீழே பயிரிடும் ஆயக்கட்டுக்காரர் உயர்த்தவும் விரும்புவது இயல்பு. எந்த நாளில் அடைப்பது, எந்த நாளில் எடுப்பது என்பதைப் பொறுப்போடு முடிவுசெய்ய ஓர் ஆள் வேண்டும். நீர்பாய்ச்சி, மடையர், நீர்க்கட்டி, கம்புக்கட்டி என்று ஊருக்கு ஒரு பெயரில் இருந்த அந்த ஆளுக்கு, களத்து மேட்டில் நெல்லாகக் கூலி அளக்கப்பட்டது.

பங்கு போனது, கடமை நின்றது

செங்கல்பட்டுப் பகுதியில் 1760களின் இறுதியிலிருந்து தாமஸ் பர்னார்டு நடத்திய நில அளவைப் பதிவுகளில், அரசுக்கும் குடிக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே விளைச்சலிலிருந்து கோயிலுக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் நீர்ப்பாசனத்துக்கும் தனித்தனியே எடுத்துவைத்த முறை தெரிகிறது. பின்னர் கம்பெனி ஆட்சியும், தாமஸ் மன்றோ காலத்தில் வேரூன்றிய, குடியிடம் நேரே வரி தண்டும் ரயத்வாரியும் வந்தபோது இந்தப் பங்குகள் படிப்படியாக நிலவரிக்குள் கரைந்தன. மானியங்கள் குறைக்கப்பட்டன. வரி ரொக்கமாகக் கருவூலத்துக்குப் போனது. ஏரிக்குப் பணம் வேண்டுமானால் மேலிடத்தின் அனுமதி தேவைப்பட்டது.

அக்கறை கொண்ட அதிகாரி ஒருவரும் இல்லை என்று சொல்ல முடியாது. 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டு ஜாகிரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தவர். மதுராந்தகம் ஏரிக்கரையைப் பார்க்க அவர் மழையிரவில் சென்றபோது, வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதைக் கண்டார் என்பது ஊர் வழக்கு. அங்குள்ள இறைவன் ஏரி காத்த ராமர் ஆனது இப்படித்தான். கதையின் உண்மையைச் சோதிப்பது என் நோக்கமன்று. ஏரி நிரம்பிய இரவில் கரையில் ஆள் நிற்க வேண்டும் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

1852இல் சென்னை மாகாணப் பொதுப்பணிகளை ஆராய்ந்த ஆணையம் ஏரிகளின் சீர்கேட்டைப் பதிவுசெய்தது. அதே பத்தாண்டில் பொறியாளர் பெயர்டு ஸ்மித் எழுதியதன்படி, மாகாணத்தின் 14 மாவட்டங்களில் ஏறத்தாழ 53,000 ஏரிகள். அவற்றில் சுமார் 10,000 பழுதடைந்தவை. கரைகளின் மொத்த நீளம் சுமார் 30,000 மைல். அவ்வளவு கரையையும் சில நூறு பொறியாளர்களால் காக்க இயலாது. முதலீடும் ஆர்தர் காட்டன் வழிகாட்டிய டெல்டா அணைக்கட்டுகளை நோக்கி ஓடியது, அவை வரியாக விரைவில் பலன் தந்தன என்பதால்.

அப்போதுதான் 1858ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டம் வந்தது. வெள்ள ஆபத்தின்போது கட்டாய உழைப்பைச் சட்டபூர்வமாக்கி, பாசனப் பணிகளில் ஊர் வழக்கப்படியான உழைப்பைத் தண்டவும் அது வழிசெய்தது. குடிமராமத்து என்று நாம் பேசுவதன் சட்ட வடிவம் இதுவே. கரையின் குழிகளை நிரப்புவது, கள்ளியும் செடியும் வெட்டுவது, கால்வாய் வாருவது போன்ற சிறு வேலைகள் குடிகள் தலையில் சுமத்தப்பட்டன. ஊர் வழக்கின் ஒரு கை உழைப்பு, மறு கை அதற்கு எதிராக அளந்த நெல். சட்டம் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. அடுத்த நூற்றாண்டு முழுவதும் குடிகள் வரவில்லை என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

1876–78 பஞ்சத்துக்குப் பின் 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம், காலனிய ஆட்சி செய்த உருப்படியான பணி. ஆற்றுப் படுகை வாரியாக ஏரிகளை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு எழுதினார்கள்: நிறைநீர் மட்டம், உச்ச வெள்ள மட்டம், கரையின் மேல்மட்டம், கலிங்கின் நீளம், மதகின் துளை, அலைகல்லின் நிலை. கலிங்கு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு 1884இல் ரைவ்ஸ் தந்த சூத்திரம் பயன்பட்டது. நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கோடு ஓர் எண்ணைப் பெருக்கினால் வெள்ளத்தின் அளவு. கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் போகப் போக அந்த எண் உயரும். இவையனைத்தும் பயனுள்ளவை. ஆனால் சீரமைத்த ஏரி மறு ஆண்டு யார் பணத்தில் காக்கப்படும் என்ற கேள்விக்குக் குறிப்பேட்டில் இடம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின்

1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் ஏரிகளும் அரசிடம் வந்தன. இன்று தமிழகத்தில் சுமார் 39,000 ஏரிகள் எனக் கணக்கு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. சங்கிலித் தொடர் ஏரிகளில் இந்தப் பிரிவினை நேரடி ஆபத்து. மேலுள்ள சிறிய ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் கீழுள்ள பெரிய ஏரியின் கலிங்கு தாங்கும் அளவை மீறும். மேல் ஏரி ஓர் அலுவலகத்தின் பொறுப்பு, கீழ் ஏரி இன்னொன்றின் பொறுப்பு. பொருமாமில்லாக் கல்வெட்டு சொன்ன எல்லைக் குற்றம் வேறு உருவில் திரும்பிவிட்டது.

கிணறும் பம்புசெட்டும் பெருகியதும் ஆயக்கட்டுக்காரருக்கு ஏரி முன்போல் அவசியமாகத் தோன்றவில்லை. மேலே நீர்ப்பிடிப்பில் ஆக்கிரமிப்பு வளர்ந்தது. ஆக்கிரமித்தவர்கள் தங்கள் பயிரைக் காக்கக் கலிங்கை உடைப்பதும் நடந்தது. 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு தொடங்கிய ஏரி நவீனமயமாக்கல், 2000இன் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம், 2007இன் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம், அதே ஆண்டில் தொடங்கிய உலக வங்கித் திட்டம், 2016–17இல் 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாயோடு மீண்டும் வந்த குடிமராமத்து என்று முயற்சிகள் தொடர்ந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பயன் தந்தது. ஆனால் எல்லாமே திட்டங்கள். திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. வண்டலுக்கு முடிவு கிடையாது.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் இங்கே கவனத்துக்குரியது. மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலச் செயல்திட்டம், விரிவான பாதுகாப்பு மதிப்பீடு ஆகியவற்றோடு, பராமரிப்புக்கெனப் போதுமான தனி நிதியை ஒதுக்கியே தீர வேண்டும் என்று அணையின் உரிமையாளரை அது கட்டாயப்படுத்துகிறது. ஏரிப்பட்டியும் பாசிப்பாட்டமும் செய்த வேலையை இந்தியச் சட்டம் மீண்டும் எழுத்தில் ஏற்றிருக்கிறது. ஆனால் சட்டம் பொருந்துவது 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரத்தோடு வேறு சில நிபந்தனைகளும் பொருந்தும் அணைகளுக்கும்தான். நம் ஏரிக்கரைகள் நீளத்தால் பெரியவை, உயரத்தால் அல்ல. பெரும்பாலானவை 10 மீட்டரை எட்டுவதில்லை. 30,000 மைல் கரையின் வாரிசுகள் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கின்றன.

உயரத்தை அளவுகோலாக வைப்பது தவிர்க்க முடியாததன்று. பிரிட்டனின் 1975 நீர்த்தேக்கச் சட்டம், இயல்பான தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர் நீர் தேக்கினால் போதும் என்று கொள்ளளவை வைத்தே வரம்பு வகுத்தது. தரைக்கு மேல் ஒரு மில்லியன் கன அடி, அதாவது 28,000 கன மீட்டருக்குச் சற்று மேல், பிடிக்கும் ஏரியும் அந்தக் கணக்கில் சட்டத்துக்குள் வந்துவிடும். தமிழகத்துக்கு அப்படி ஒரு வரம்பு வகுக்கும்போது சங்கிலித் தொடர் முழுவதையும் ஒரே அலகாக எடுத்துக்கொள்வது அவசியம். மேல் ஏரியின் கலிங்கைக் கீழ் ஏரியின் கலிங்கோடு சேர்த்துத்தான் சரிபார்க்க முடியும். அதற்கான அளவுகள் 1883 முதல் எழுதப்பட்ட குறிப்பேடுகளில் இருக்கின்றன. மீன் ஏலமும் கரைமர ஏலமும் இன்றும் நடக்கின்றன. அந்தத் தொகை பெரும்பாலும் பொதுக் கணக்கில் போய்ச் சேர்கிறது. எந்த ஏரியில் ஈட்டியதோ அந்த ஏரியின் கரைக்கும் கலிங்குக்கும் அதைத் தனிக் கணக்கில் வைத்து, நீர்பாய்ச்சிக்கு அதிலிருந்து மாதக் கூலி கொடுப்பதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.