பிழை வந்தால் நிற்பதா, நடப்பதா? கோ மொழியின் சிறு வரலாறு

நம் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நிரல் எழுதுகிறீர்கள். உங்களில் ஒருவர், "சார், கோ மொழியில் எதைச் செய்தாலும் எரர் பார்க்க மூன்று வரி எழுத வேண்டியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்டிருந்தார். அந்த மூன்று வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்குகிறேன்: பிரெஞ்சு கயானா. 19-ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிப் போன நாடு. அங்கே கூரூவில்தான் ஏரியன் ராக்கெட் தளம். நம் ஆப்பிள் செயற்கைக்கோள் 1981-ல் அங்கிருந்துதான் போனது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 முதன்முறையாகக் கிளம்பி, சுமார் 40 நொடியில் நான்கு செயற்கைக்கோள்களோடு சிதறியது.

காரணம் ஓர் எண். 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது, அதில் அடங்கும் உச்சமான 32,767-ஐ அது தாண்டிவிட்டது. அந்தக் கணக்கு ஏரியன் 4-லிருந்து அப்படியே வந்தது. ஏரியன் 5 கிளம்பிய பிறகு அதற்கு வேலையே இல்லை! எழுதியது ஆடா மொழியில். பிழையைப் பிடிக்க அதில் வழி உண்டு. ஆனால் பிழை என்றாலே கருவிக் கோளாறு, அதை நிறுத்திவிட்டு மாற்றுக் கருவிக்குப் போகலாம் என்று வைத்திருந்தார்கள். மாற்றுக் கருவியிலும் அதே நிரல். இரண்டுமே நின்றன. கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு அடுத்த மாதமே இதை அறிக்கையாகக் கொடுத்தது.

இதைப் பார்த்து கோ பிறந்தது என்று சொல்ல வரவில்லை. எந்தப் பிழைக்கு நிற்பது, எதற்கு நிற்கக் கூடாது என்ற கேள்வி மட்டும் அதேதான். ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் கூகுளில் 2007-ல் தொடங்கி, 2009 நவம்பரில் கோ மொழியை வெளியிட்டார்கள். அதில் எக்ஸப்ஷன் கிடையாது. கோப்பு இல்லை, இணைப்பு அறுந்தது போன்றவை சாதாரண மதிப்பாகத் திரும்பி வரும். அழைத்தவர் அங்கேயே பார்க்க வேண்டும். நடக்கவே கூடாதது நடந்தால் என்ன செய்வது? அதற்காக 2010 மார்ச்சில் பேனிக்கும் ரெக்கவரும் சேர்ந்தன.

துணைச் செயற்கூறுகள் இந்த எல்லைக்கோட்டில்தான் முளைத்தன. 'மஸ்ட்' என்று தொடங்குபவை எரரைப் பேனிக்காக மாற்றும். நிரலில் நாமே எழுதிவைத்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் தவறென்றால் தொடக்கத்திலேயே நிற்பது நல்லது, அதற்கு மஸ்ட்கம்பைல். பயனர் தட்டியதற்கும் அதையே போட்டால் அது ஏரியன் வைத்தியம். 2022-ல் ஜெனரிக்ஸ் வந்தபின், எல்லா வகைக்கும் ஒரே மஸ்டைப் பலரும் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

எதிர்ப்பக்கம் ரெக்கவர். ஒரு வீட்டு ஃபியூஸ் போனால் அந்த வீடுதானே இருட்டாக வேண்டும், தெருவே இருட்டாகலாமா? கோவின் எச்டிடிபி சர்வர் ஒரு கோரிக்கையைக் கையாளும்போது வரும் பேனிக்கைத் தானே பிடித்துப் பதிவு செய்கிறது. ஆனால் அதற்குள் நீங்கள் தனியாக ஒரு கோரூட்டீனைக் கிளப்பி, அதில் பேனிக் வந்தால் சர்வர் காப்பாற்றாது. முழு நிரலும் விழும். அதனால்தான் டிஃபரும் ரெக்கவரும் உள்ளே வைத்த சிறு செயற்கூறு வழியாகவே கோரூட்டீனைக் கிளப்புகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். பதிவு செய்யாமல் விழுங்கிவிடும் ரெக்கவர், விழுந்த நிரலைவிட மோசம் என்பது என் கருத்து.

மூன்று வரியைக் குறைக்க 2019-ல் 'ட்ரை' என்ற யோசனை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஜூலையிலேயே கைவிட்டார்கள். அதே ஆண்டு 1.13 பதிப்பில், எரருக்குள் எரரைச் சுற்றி வைத்து, உள்ளே இருப்பது எது என்று கேட்கும் 'இஸ்', 'ஆஸ்' வந்தன. இதற்கென இனிப் புதிய இலக்கணம் தேடப்போவதில்லை என்று 2025 ஜூனில் கோ குழு அறிவித்தது. ஆக, கேட்ட தம்பிக்கு: அந்த மூன்று வரி இப்போதைக்கு இருக்கும்.

கோ எழுதும் பிள்ளைகளே, உங்கள் அலுவலகத்தில் ரெக்கவரை எங்கே வைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.