அட்வுட்டின் வளையம்

கைநழுவிய கல் முதல் வினாடிக்குள் ஏறத்தாழ 16 அடி விழுந்துவிடுகிறது. அதற்குள் கண் எதை அளக்கும்? 1770களில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் விரிவுரையாற்றிய ஜார்ஜ் அட்வுட்டின் (1745–1807) இடர்ப்பாடு இதுதான். நியூட்டனின் விதிகள் 1687-லேயே அச்சேறிவிட்டன. அவற்றை மாணவர் கண்முன் நிகழ்த்திக் காட்டுவது வேறு வேலை.

அட்வுட் வீழ்ச்சியையே மெதுவாக்கினார். உயர்ந்த தூணின் உச்சியில் ஒரு கப்பி. உராய்வைக் குறைக்க, அதன் அச்சு வேறு சிறு சக்கரங்களின்மேல் அமர்ந்து சுழலும். நூலின் இரு முனைகளிலும் சம எடைகள். ஒன்றின்மேல் மட்டும் சிறு கம்பித்துண்டு. அசைவன அனைத்தும் சேர்ந்து 64 பங்கு, கம்பி அதில் 1 பங்கு என்றால், முடுக்கமும் இயல்பான வீழ்ச்சியில் 64-இல் ஒன்றாகிவிடும். முதல் வினாடி முடிவில் எடை 3 அங்குலம் இறங்கியிருக்கும். இரண்டாவதில் 12, மூன்றாவதில் 27, நான்காவதில் 48. ஊசலின் ஒலிக்குக் காதும் அளவுகோலுக்குக் கண்ணும் கொடுத்தால் போதும்.

ஆனால் அக்கருவியின் உயிர் தூணில் பொருத்திய வளையத்தில் இருக்கிறது என்பேன். எடை அதனூடே நுழைந்துவிடும். நீண்ட கம்பி நுழையாமல் அதன்மேலேயே தங்கிவிடும். அக்கணமே இருபுறமும் சமம். இழுக்க எதுவுமில்லை. எடை நிற்க வேண்டுமல்லவா? நிற்பதில்லை. வளையத்தை 12 அங்குலத்தில் வைத்திருந்தால், அதன்பின் ஒவ்வொரு வினாடிக்கும் அதே 12 அங்குலமாக, கூடாமலும் குறையாமலும் இறங்கிக்கொண்டிருக்கும். விசை வேகத்தை மாற்றவே தேவை, இயக்கத்தைக் காக்க அன்று என்பதைச் சொல்லின்றிக் காட்டிய தருணம் அது.

1784-இல் அட்வுட் இதை நூலாக வெளியிட்டார். அவருடைய விரிவுரைகளைக் கேட்டவரான இளைய பிட், பிரதமரானபின் அதே ஆண்டு அவருக்குச் சுங்கத்துறையில் பதவி அளித்தார். கருவி வகுப்பறைகளில் தங்கியது. காலப்போக்கில் அது பாடநூற் கணக்காகச் சுருங்கி, இரு எடைகளும் கப்பியும் மட்டும் படத்தில் எஞ்சின. வளையம் பெரும்பாலும் காணாமற்போயிற்று. இது சிறிய இழப்பன்று.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹலூனும் ஹெஸ்டெனிஸும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, இயற்பியல் பாடத்தை முடித்த பின்னும் மாணவர் பலரின் மனத்தில் பழைய எண்ணங்களே நிலைத்திருப்பதைக் காட்டியது. அவ்வழியில் அமைந்த வினாத்தாளை எரிக் மசூர் ஹார்வர்டில் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். சூத்திரங்களை நன்கறிந்தவர்கள்தாம் அவர்கள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்பித்தபடி விடை எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடியா என்று கேட்டாள்.