கல்லடிப் பாலமும் நமது ஒற்றை வீதியும்



கல்முனை வீதி என்று நாம் சொல்வது உண்மையில் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் எனச் சுற்றி வந்து மட்டக்களப்பில் முடியும் ஏ4 நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு. சுமார் 430 கிலோமீற்றர் நீளமான இந்த வீதி வேறெங்கும் காடு, வயல், மலை என்று ஓடும். நம்மிடம் வந்ததும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று நடுவிலுள்ள மணல் திட்டில் ஏறிவிடுகிறது. அந்தத் திட்டில்தான் நமது வீடுகள், பள்ளிவாசல்கள், பாடசாலைகள், கடைத்தெரு எல்லாமே. நெரிசலைப் பற்றிப் பேசும்போது இந்தத் தரையமைப்பை மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

கல்லடிப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. அப்போது தேசாதிபதியாக இருந்தவர் சேர் வில்லியம் மனிங். அவரது மனைவியின் பெயரால் 'லேடி மனிங் பாலம்' என்றார்கள். மாட்டு வண்டிகளும் எப்போதாவது ஒரு மோட்டார் வண்டியும் போன காலம். ஒரு வாகனம் போகும் அகலம் அன்றைக்குப் போதுமானதுதான். கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்கு வருடம் கழித்து, 1928 இல், ரயில் மட்டக்களப்புக்கு வந்தது. அதோடு நின்றும்விட்டது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எதற்கும் தண்டவாளம் இல்லை. ஆக, நெல், மீன், புடவை, நோயாளி, மாணவன் என்று தெற்கின் முழுச் சுமையும் இந்த ஒரே வீதியில் விழுந்தது. குறை அங்கேதான் தொடங்குகிறது.

பிறகு யுத்தம். 1990 இல் இதே வீதியில் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டு வீடு திரும்பாத நம்மவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறோம்: அச்சத்தால் வெறுமையாகக் கிடந்த வீதியில் வாகனங்களை எண்ணினால் வரும் தொகை, மக்களின் உண்மையான தேவையைக் காட்டாது. 2009 க்குப் பின் சோதனைச் சாவடிகள் விலகியதும் பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக இறங்கின. பல வருடம் அடக்கி வைத்திருந்த பயணம் அது. பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கத்தில் அம்புலன்ஸும் சேர்ந்து காத்து நின்றதை ஊரில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானிய உதவியுடன் புதிய பாலம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. 89 வருடங்கள்!

இனி ஒரு கணக்கு. நமது பிள்ளைகள் சாதாரண தரத்தில் கூட்டுவட்டி படிக்கிறார்களே, அதேதான். வாகனங்கள் வருடத்துக்கு 5 வீதம் கூடினால் சுமார் 14 வருடத்தில் இரட்டிப்பாகும். 7 வீதமென்றால் 10 வருடமே போதும். வீதித் திட்டமிடலின் அடிப்படையே இதுதான்: இன்றைய எண்ணிக்கைக்கு அல்ல, இருபது வருடத்துக்குப் பிந்திய எண்ணிக்கைக்கு இன்றே இடம் ஒதுக்குவது. மக்கள் நெருக்கம் மிகுந்த காத்தான்குடியில் அந்த இடம் எங்கே இருக்கிறது? அகலப்படுத்தினால் கடைகளும் மதில்களும் போகும். கடற்கரையால் புறவழி போடலாமென்றால் சுனாமி வந்த பக்கம் அது. வாவியை நிரப்பினால் மாரியில் வெள்ளம் வடிய வழியிருக்காது, மீனவரின் பிழைப்பும் போகும். ஆகவே புதிதாகக் கட்டுபவர்கள் வீதிக்கான ஒதுக்கை விட்டுக் கட்டுவதும், சாமான் லொறிகளைப் பாடசாலை விடும் நேரத்தில் கடைத்தெருவுக்குள் விடாதிருப்பதும் சின்ன விடயங்கள் அல்ல. (பேரீச்சை மரத்தடியில் இரட்டை வரிசையில் வாகனம் நிறுத்துவோருக்கும் இது பொருந்தும்.)

நமக்குப் பெரிதாகத் தெரிவது வாவியின் மேற்குக் கரை. மண்முனையில் பாதையில் ஏறிக் கடந்த காலம் 2014 இல் பாலத்தோடு முடிந்தது. அப்பாலம் வழியாகக் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர், சவளக்கடை என்று கல்முனைக்கு இன்னொரு சுற்று இருக்கிறது. தூரப் பயண வாகனங்களில் ஒரு பகுதி அப்பக்கம் போனாலே நமது தெரு மூச்சுவிடும்; படுவான்கரை மக்களுக்கும் நல்ல வீதி கிடைக்கும். ஆனால் மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் காத்தான்குடியும் கல்முனையும் நாவிதன்வெளியும் சேர்ந்து கேட்க வேண்டியது, கிட்டங்கியில் வெள்ள மட்டத்துக்கு மேலே இரு வழிப் பாலம்.